பாலியேட்டிவ் பணியில் கருணையும் மன அமைதியும்: நெஞ்சை இரும்பாக்காமல் முடியுமா?

தாமிரபரணிக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிறிய அறக்கட்டளையில் பாலியேட்டிவ் நர்ஸாக, அதாவது தீராத நோயில் கிடப்பவர்களின் வலியையும் துயரத்தையும் குறைக்கிற நர்ஸாக இருக்கிறேன். வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற வேலை. புற்றுநோய் முற்றியவர்கள், பக்கவாதத்தில் படுத்துவிட்டவர்கள், மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போன இளைஞர்கள் என்று பலதரப்பட்டவர்களையும் பார்க்கிறோம்.

வேலை பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப் போடவும், சிறுநீர் டியூப் மாற்றவும் தெரியும். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்த முகங்கள் என்னை விடுவதில்லை. சாப்பிட உட்கார்ந்தால், தொண்டையில் தண்ணீர்கூட இறங்காத அந்தப் பெரியவர் ஞாபகம் வருகிறார். என் பிள்ளை லேசாக இருமினாலே மனம் எங்கெங்கோ ஓடுகிறது.

மூத்தவர்களிடம் கேட்டால் இரண்டு விதமாகப் பதில் வருகிறது. "மனசை இரும்பாக்கிக்கோ, இல்லைன்னா இந்த வேலைல நிலைக்க முடியாது" என்பது ஒன்று. "அழுகை வருதா, அழு, அதுதான் மனுஷத்தனம்" என்பது இன்னொன்று. முதல் வழியில் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். கை வேலை சுத்தமாக இருக்கும், ஆனால் நோயாளியின் கண்ணைப் பார்க்க மாட்டார்கள். இரண்டாவது வழியில் போனவர்கள் பலர் வேலையையே விட்டுவிட்டார்கள்.

துயரப்படுகிறவர் பக்கத்தில் முழு மனசோடு உட்காரவும் வேண்டும், நாம் நிலைகுலையாமல் இருக்கவும் வேண்டும். இது நடக்கிற காரியமா? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

மலையோரம்:

தங்கச்சி, நான் பாலக்காட்டுத் தமிழன். நர்ஸ் இல்லை, டாக்டரும் இல்லை. பல வருடமாக வீட்டுப் பராமரிப்புக் குழுவோடு போகிற தன்னார்வலன். 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் ஆரம்பித்த பாலியேட்டிவ் இயக்கம்தான் பிறகு கேரளா முழுக்க ஊர் ஊராகப் பரவியது. மீன் விற்கிறவர், வாத்தியார், ஆட்டோ ஓட்டுகிறவர் என்று சாதாரண ஆட்களைத்தான் அது உள்ளே இழுத்தது. நானும் அப்படி வந்தவன்தான்.

என் அனுபவத்தில், மனக் கலக்கத்தின் பெரும்பகுதி கையாலாகாத உணர்விலிருந்து வருகிறது. ஒருவர் வலியில் துடிக்கிறார், நாம் பார்த்துக்கொண்டு நிற்கிறோம் என்றால் எவ்வளவு தியானம் செய்தாலும் தூக்கம் வராது. அதனால் அமைதிக்கான முதல் வேலை அந்த வலியைக் குறைப்பதுதான். மார்ஃபின் மாத்திரை நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை, வலி வரும் வரை காத்திருக்காமல், மலச்சிக்கலுக்கு மருந்தும் சேர்த்து, ஒழுங்காகக் கொடுத்தாலே துடித்துக்கொண்டிருந்தவர்கள் எத்தனையோ பேர் இரவு தூங்குகிறார்கள். அவர்கள் தூங்கினால் நமக்கும் தூக்கம் வரும்.

வாய்ப் புற்று, மார்பகப் புற்றுப் புண்களில் வருகிற நாற்றம் உங்களுக்குத் தெரியும். சொந்தப் பிள்ளையே வாசலில் நின்று பேசிவிட்டுப் போவான். மெட்ரோனிடசோல் மாத்திரையை நன்றாகப் பொடித்துப் புண்ணில் தூவிக் கட்டுப் போட்டால் சில நாளில் நாற்றம் அடங்கிவிடும். அதன் பிறகு பேத்தி வந்து கட்டிலில் உட்காருகிறாள். நோய் குணமாகவில்லை, ஆனாலும் அந்த வீடு வேறு வீடாகிவிட்டது. இப்படிச் செய்யக்கூடியதைச் செய்துவிட்டுத் திரும்பும்போது மனம் பாரமாகத்தான் இருக்கும், ஆனால் குத்தாது.

ஊழியன் 87:

மலையோரம் அண்ணன் சொன்னது சரி. ஆனால் இந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று எனக்கு ஒரு பயம் இருக்கிறது.

"மன அமைதி" என்பதை ஊழியரின் பொறுப்பாக்கிவிட்டால், அவர் உடைந்துபோகும்போது பழியும் அவர் மேலேயே விழும். உனக்குப் பக்குவம் போதவில்லை, யோகா பண்ணு என்பார்கள். கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1981-ல் பணிச்சோர்வை அளக்க ஒரு வினாத்தாள் வெளியிட்டார். இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுவது அதுதான். அதில் மூன்று கூறுகள் உண்டு. உணர்வு வற்றிப்போவது, எதிரே இருப்பவரை மனிதராகப் பார்க்க முடியாமல் போவது, நான் செய்வதில் பயன் இல்லை என்று தோன்றுவது. நோயாளியைப் பெயர் சொல்லாமல் "அந்த நாலாம் பெட்" என்று சொல்ல ஆரம்பிப்பது இரண்டாவது வகை. இந்த மூன்றுக்கும் காரணம் பெரும்பாலும் வேலைப் பளு, ஆள் பற்றாக்குறை, முடிவெடுக்க உரிமை இல்லாமை, நியாயமில்லாத நடத்தை என்று அவரே திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்.

2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கி, வீட்டுக்கே போய் வலி நிவாரண சிகிச்சை தருவது அரசின் வேலை என்று ஆனது தமிழ்நாட்டில் பெரிய விஷயம். அதை மனதார வரவேற்கிறேன். ஆனால் ஒரு நர்ஸ் ஒரு நாளில் எத்தனை வீட்டில் கருணையோடு உட்கார முடியும்? அதற்கு ஒரு எல்லை உண்டு. அந்த எல்லையைத் தாண்ட வைத்துவிட்டு, நிலைகுலையாதே என்று சொல்வது கொடுமை.

தாமிரபரணிக்கரை:

ஊழியன் தம்பி, நீங்கள் சொல்வதில் ஒரு வார்த்தையைக்கூட நான் மறுக்கவில்லை. எங்கள் குழுவில் இன்னும் இரண்டு பேர் வேண்டும் என்று நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆனால் பளு குறைவான நாட்களிலும் எனக்கு இது நடக்கிறது. ஒரே ஒரு வீட்டுக்குப் போய், ஒரு மணி நேரம் நிதானமாக இருந்துவிட்டு வந்த நாளில்கூட. இன்னும் சொன்னால் அப்படிப்பட்ட நாளில்தான் அதிகம். வேகமாக ஓடுகிற நாளில் யாரையும் முழுசாகப் பார்க்க நேரம் இருப்பதில்லையே.

இரவுப்பணி:

அக்கா, கடைசியாக நீங்கள் எழுதியதுதான் முக்கியமான இடம் என்று நினைக்கிறேன். நான் கோவையில் தீவிர சிகிச்சைப் பிரிவு டாக்டர்.

டானியா சிங்கர் என்ற ஜெர்மன் ஆய்வாளர் 2004-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார். பெண்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, அவர்கள் கையிலும் பக்கத்தில் இருந்த துணைவர் கையிலும் மாறி மாறி லேசான மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். துணைவருக்கு வலிக்கிறது என்று தெரிந்தபோதே, தனக்கு வலித்தால் மூளையில் எந்தப் பகுதிகள் இயங்குமோ அவற்றில் சில இயங்கின. அதாவது பிறர் வலியில் நாம் படும் வேதனை வெறும் கற்பனை இல்லை. நம் மூளை நிஜமாகவே அதில் பங்கெடுக்கிறது.

அதன் பிறகு நடந்ததுதான் நமக்கு வேண்டியது. சிங்கர் குழுவோடு மத்தியூ ரிக்கார் என்ற பௌத்தத் துறவியும் வேலை செய்தார். பிரெஞ்சுக்காரர், துறவியாகும் முன் உயிரியலில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவர். அவரை ஸ்கேனுக்குள் வைத்து, பிறர் துன்பத்தை அப்படியே உள்வாங்கி உணர மட்டும் சொன்னார்கள். வேறெதுவும் செய்யக்கூடாது. அத்தனை வருடப் பயிற்சி உள்ள அவரே சீக்கிரம் களைத்துப்போனார். பிறகு அதே துன்பத்தை நினைத்து, அவர்கள் நலமாக இருக்க வேண்டும் என்ற அன்பை வளர்க்கச் சொன்னதும் களைப்பு விலகியது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

2014-ல் வந்த ஆய்வில் சாதாரண ஆட்களுக்கு இந்த இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பழக்கினார்கள். துன்பக் காட்சிகளைப் பார்த்து அவர்களோடு சேர்ந்து வேதனைப்படுவதை மட்டும் பழகியபோது மனம் வாடியது. பிறகு கருணையைப் பழகியபோது வாட்டம் பழைய அளவுக்கு இறங்கியது, இதமான உணர்வும் கூடியது. இரண்டின்போதும் மூளையில் இயங்கிய பகுதிகளே வேறு வேறு.

நீங்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்த அந்த வீட்டில் எது நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவருடைய வலிக்குள் நீங்களே போய் உட்கார்ந்துவிட்டீர்களோ?

பாலி வாசகன்:

டாக்டர் எழுதியதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

தேரவாத பௌத்தத்தில் நான்கு குணங்களைச் சேர்த்தே சொல்வார்கள்: மேத்தை, கருணை, முதிதை, உபேக்கை. அன்பு, பிறர் துயர் தாளாமை, பிறர் மகிழ்ச்சியில் மகிழ்வது, சமநிலை. தனித்தனியாகப் பிரித்து எடுக்கக்கூடாது என்பதுதான் இதன் சூட்சுமம். விசுத்திமக்கம் என்ற பாலி நூலில் அதன் ஆசிரியர் புத்தகோசர் ஒவ்வொரு குணத்துக்கும் தூரத்து எதிரி, கிட்டத்து எதிரி என்று இரண்டு சொல்கிறார். கருணைக்குத் தூரத்து எதிரி கொடூரம். அதை யாரும் எளிதில் அடையாளம் காணலாம். கிட்டத்து எதிரி சோகம். கருணை மாதிரியே முகம் காட்டும், அதனால்தான் ஆபத்து. அக்காவைத் தூங்கவிடாமல் செய்வது இந்தக் கிட்டத்து எதிரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

(ஒரு சின்ன விஷயம். புத்தகோசர் இலங்கையில் அநுராதபுரத்தில் இருந்து எழுதியவர். ஆனால் காஞ்சிபுரத்தில் ஒரு தேரரோடு தங்கியிருந்ததாக அவருடைய உரை ஒன்றின் முடிவுரையில் குறிப்பு இருக்கிறது. நம் ஊர்க் காற்று பட்டவர்தான்.)

ஒரு தாய்க்கு நாலு பிள்ளைகள் இருப்பதாக அவர் ஒரு உவமை சொல்கிறார். கைக்குழந்தை ஒன்று, நோயில் கிடப்பது ஒன்று, வாலிபத்தில் துள்ளுவது ஒன்று, வளர்ந்து தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்வது ஒன்று. குழந்தை வளர வேண்டும் என்று நினைக்கிறாள், நோயாளிப் பிள்ளை குணமாக வேண்டும் என்று நினைக்கிறாள், வாலிபன் துள்ளலில் மகிழ்கிறாள், நாலாமவனைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்கிறாள். நாலாமவன் மேல் பாசம் இல்லையா என்ன? அவன் வாழ்க்கையை அவன்தான் வாழ வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். உபேக்கை என்பது அதுதான்.

ஊழியன் 87:

இந்த இடத்தில்தான் எனக்கு உதைக்கிறது. "அவன் வாழ்க்கை, அவன் வினை" என்று சொல்லிக் கைகழுவிய சமூகம் நம்முடையது. பசியில் கிடந்தவனையும் அப்படித்தான் தாண்டிப் போனார்கள்.

பாலி வாசகன்:

நியாயமான கேள்வி. அந்தக் கைகழுவலைத்தான் உபேக்கையின் கிட்டத்து எதிரி என்கிறார்கள்: எதிலும் அக்கறையில்லாத மந்தம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

வரிசையைக் கவனியுங்கள். உபேக்கை நாலாவதாக, கடைசியில்தான் வருகிறது. முதல் மூன்றிலும் மனம் நன்றாகப் பழகிய பிறகே அதை எடுக்கச் சொல்கிறார்கள். அன்பு, கருணை, மகிழ்ச்சி எதுவும் இல்லாமல் நேராக நாலாவதுக்குப் போனவர்தான் நீங்கள் சொல்கிற ஆள். முதலில் செய்ய முடிந்ததை எல்லாம் செய்ய வேண்டும். பலன் நம் கையில் இல்லாத இடம் ஒன்று வரும். அதற்குப் பிறகு வேண்டியது உபேக்கை.

குறள்வழி:

பிள்ளைகளே, நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். நர்ஸ் அம்மா கேட்டதற்கு நம் பக்கத்திலும் ஆழமான பதில் இருக்கிறது.

வள்ளுவர் அன்புடைமையை இல்லறத்தில் வைத்தார். அருளுடைமையை இல்லறத்தில் வைக்கவில்லை, துறவறவியலின் முதல் அதிகாரமாக வைத்தார். எத்தனை முறை வகுப்பில் நடத்தியிருந்தாலும் இந்த வைப்புமுறை என்னை வியக்க வைக்கிறது. துறவு என்றதும் நமக்கு ஒதுங்குவது, உதறுவது என்றுதான் தோன்றும். அவரோ பற்றை விடும் பயணத்தை, எல்லா உயிர்மேலும் அருள் கொள்வதில் ஆரம்பிக்கிறார். நிலையாமையும் துறவும் மெய்யுணர்தலும் பிறகே வருகின்றன. தன் பிள்ளை, தன் வீடு என்ற தொடர்பு பார்க்காமல் எல்லா உயிர்மேலும் இயல்பாகச் செல்வது அருள் என்று பரிமேலழகர் விளக்குகிறார்.

அந்த அதிகாரத்தின் ஐந்தாம் குறள் (245), அருளை ஆள்கிறவர்களுக்கு அல்லல் இல்லை, காற்று உலவும் இந்தப் பெரிய உலகமே அதற்குச் சாட்சி என்கிறது. இளம் வயதில் இந்தக் குறளோடு எனக்குச் சண்டை. அருள் உள்ளவனுக்குத்தானே அல்லல் அதிகம், பிறர் துன்பமும் சேர்ந்துவிடுகிறதே என்று கேட்பேன். இப்போது அந்த "ஆள்வார்" என்ற இடத்தில் நிற்கிறேன். அருள் நம்மை ஆட்டிப் படைத்தால் அல்லல்தான். அருளை நாம் ஆண்டால் நிலைமை வேறு.

ஊழியன் தம்பிக்கு ஒன்று. பயிர் வாடினாலும் தானும் வாடியவர் வள்ளலார். அதைவிட உருகிய மனம் கிடையாது. ஆனால் அவர் உருகியதோடு நிற்கவில்லை. 1867-ல் வடலூரில் தருமச்சாலை தொடங்கி அடுப்பு மூட்டினார். யார் வந்தாலும் சாதி, ஊர் கேட்காமல் சோறு. அந்த அடுப்பு இன்றுவரை அணையவில்லை. சாலைக்கு நிலம் கொடுத்தவர்கள் ஊர் மக்கள். அவர் ஒருவருடைய உருக்கம் ஊர் கூடிச் செய்கிற ஏற்பாடாக மாறியதால்தான் அவருக்குப் பிறகும் நின்றது. நர்ஸ் அம்மாவும் எல்லாவற்றையும் ஒற்றை நெஞ்சில் சுமக்க நினைக்க வேண்டாம்.

நெய்தல்:

இதுவரை எழுதிய எல்லாரும் பராமரிக்கிறவர்கள் பக்கத்திலிருந்து எழுதினீர்கள். நான் எதிர்ப்பக்கம். என் அம்மா கருப்பை வாய்ப் புற்றுநோயில் போனார். கடைசி மாதங்களில் வீட்டுக்கு வெவ்வேறு நர்ஸ்கள் வந்தார்கள்.

ஒருவர் ரொம்ப இளகிய மனசுக்காரர். அம்மாவைப் பார்த்ததும் கண் கலங்கிவிடும். நல்லவர், இன்றும் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர் வந்து போனால் அம்மா என்னிடம் சொல்வார், "பாவம் அந்தப் பொண்ணு, என்னால அழுவுது, இனிமே வலிக்குதுன்னு சொல்ல மாட்டேன்." அப்படியே செய்தார். அந்த வாரம் வலியைப் பல்லைக் கடித்து மறைத்தார்.

பிறகு வந்த இன்னொருவர் அழவும் இல்லை, அவசரப்படவும் இல்லை. வந்ததும் கைகழுவிவிட்டு நாற்காலியை அம்மா கட்டில் பக்கம் இழுத்துப் போட்டு உட்காருவார். "நேத்து ராத்திரி எப்ப முழிப்பு வந்துச்சு, எங்க வலிச்சுது, எவ்வளவு நேரம்" என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். அம்மா எதையும் மறைக்காமல் சொன்னது அவரிடம் மட்டும்தான். "நான் எப்பப் போவேன்" என்றுகூட அவரிடம்தான் கேட்டார். அவர் பேச்சை மாற்றவில்லை. "எதுக்குக் கேக்குறீங்கம்மா, மனசுல என்ன ஓடுது" என்று திருப்பிக் கேட்டுவிட்டுக் காத்திருந்தார். தம்பியின் கல்யாணத்தைப் பார்க்க முடியுமா என்பதுதான் அம்மாவின் கவலை என்று எங்களுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. வீட்டுக்குள்ளேயே தாலி கட்டி முடித்தோம்.

அக்கா, உங்கள் அமைதி உங்களுக்காக மட்டும் இல்லை. நோயாளிக்கு அது வேண்டும். அவர் பயத்தை இறக்கி வைக்க ஒரு திடமான இடம் வேண்டும். எதிரே இருப்பவர் தாங்க மாட்டார் என்று தெரிந்தால் அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள்.

தாமிரபரணிக்கரை:

நெய்தல், இதை மூன்று முறை படித்தேன். நான் கலங்கினால் அவர்கள் எனக்காக வலியை மறைப்பார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அமைதியாக இருப்பதை ஏதோ நோயாளியிடமிருந்து திருடிக்கொள்கிற சுகம் மாதிரிதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதோடு சேர்ந்த ஒரு கேள்வி. என்னை அதிகம் உலுக்குவது வலிகூட இல்லை, மறைப்பு. "அவர்கிட்ட புற்றுநோய்னு சொல்லிடாதீங்க" என்று குடும்பம் கேட்டைத் திறக்கும்போதே கைகூப்பும். உள்ளே போனால், "சிஸ்டர், இவங்க எல்லாம் எங்கிட்ட எதையோ மறைக்கிறாங்க" என்று அவர் என் கையைப் பிடிப்பார். அங்கே நடுவில் நிற்பது நரகம்.

மலையோரம்:

எல்லாருக்கும் வருகிற இடம் தங்கச்சி இது. நாங்கள் பழகியது இதுதான்: குடும்பத்திடம் சண்டை போடுவதில்லை, பயத்தில்தான் மறைக்கிறார்கள். "நானாகச் சொல்ல மாட்டேன், ஆனால் அவராகக் கேட்டால் பொய்யும் சொல்ல மாட்டேன்" என்று வாசலிலேயே சொல்லிவிடுவோம். உள்ளே போனால் "உங்களுக்கு என்ன தோணுது" என்று கேட்போம். பாதிப்பேருக்கு மேல் ஏற்கெனவே தெரிந்திருக்கும். பிறகு இரண்டு பக்கத்தையும் ஒரே அறையில் உட்கார வைப்பது மட்டும்தான் நம் வேலை. அதுவும் ஒரே நாளில் ஆகாது.

சிசிலி சாண்டர்ஸ் அம்மையாரை நினைத்துக்கொள்வேன். நர்ஸாக இருந்து, முதுகுவலியால் அதை விட்டு, சமூகப் பணியாளராகி, கடைசியில் டாக்டருக்கும் படித்து, 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டபர்ஸ் ஹாஸ்பிஸை (கடைசிக் காலப் பராமரிப்பு இல்லத்தை) தொடங்கியவர். வலி என்பது உடம்பு, மனம், குடும்பம், ஆன்மா எல்லாம் சேர்ந்த முழு வலி என்று அவர் சொன்னார். அதைத் தனியாள் ஒருவரால் தீர்க்க முடியாது. அதனால்தான் குழு.

இரவுப்பணி:

குழு என்றதும் ஒன்று. அமெரிக்காவில் கென்னத் ஷ்வார்ட்ஸ் என்ற வழக்கறிஞர் நுரையீரல் புற்றுநோயில் 1995-ல் இறந்தார். தன்னைப் பார்த்துக்கொண்டவர்களின் சின்னச் சின்ன அன்புகள்தான் தாங்க முடியாததைத் தாங்க வைத்தன என்று எழுதிவிட்டுப் போனார். அவர் பெயரில் நடக்கும் கூட்டங்கள் இன்று பல நாட்டு மருத்துவமனைகளில் உண்டு. டாக்டர், நர்ஸ், துப்புரவுப் பணியாளர் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து, ஒரு நோயாளி தங்கள் மனதில் என்ன செய்துவிட்டுப் போனார் என்று மட்டும் பேசுவார்கள். சிகிச்சை சரியா தப்பா என்ற விசாரணை அங்கே கிடையாது.

எங்கள் பிரிவில் இதைச் சிறிய அளவில் செய்கிறோம். மாதம் ஒரு மதியம், டீயோடு. சிலர் ஒன்றும் பேசாமல் கேட்டுவிட்டுப் போவார்கள். வார்டு அம்மா ஒருவர் பேசிய பிறகுதான், நோயாளிகளை எங்கள் எல்லாரையும்விட அதிகம் அறிந்தவர் அவர் என்று புரிந்தது.

ஊழியன் 87:

இதைப் பணி நேரத்துக்குள் நடத்தினால் முழு ஆதரவு. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களை உட்கார வைத்தால் அதுவும் இன்னொரு சுமைதான்.

இரவுப்பணி:

பணி நேரத்தில்தான் தம்பி. அதற்கு நிர்வாகத்தோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

தாமிரபரணிக்கரை:

எல்லாருக்கும் நன்றி. எங்கள் குழுவில் டிரைவர் அண்ணன் உட்பட ஐந்து பேர். வாரக் கடைசி வேலை நாளில் அரை மணி நேரம் இப்படி உட்காரலாமா என்று கேட்கப்போகிறேன். வீட்டு வாசலில் ஒரு நிமிடம் நின்று, இன்று இவருக்கு என்னால் செய்ய முடிவது எது என்று யோசித்துவிட்டு உள்ளே போவதையும் ஆரம்பித்துவிட்டேன். நேற்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன் நெய்தல். அந்தப் பாட்டி தன் ஊர்க் கோயில் கொடை பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்.

கடைசியாக ஒன்று மலையோரம் அண்ணா. நோயாளி இறந்த பிறகு அந்த வீட்டுக்குப் போவீர்களா? எங்கள் இடத்தில் அந்த வழக்கம் இல்லை. போகாமல் விடுவதால்தான் சில முகங்கள் எனக்குள் முடிவில்லாமல் நிற்கின்றனவோ என்று தோன்றுகிறது.

மலையோரம்:

கட்டாயம் போவோம். உங்கள் பக்கம் என்றால் பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்துப் போங்கள். அதுவரை வீடு நிறைய சனம் இருக்கும், அதன் பிறகுதான் வெறிச்சென்று ஆகும். மருந்துப் பெட்டி வேண்டாம், வெறுங்கையோடு போகலாம். கூடவே இருந்து பார்த்துக்கொண்ட அந்த மருமகளையோ மனைவியையோ உட்கார வைத்து, அவர் எப்படித் தூங்குகிறார், சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். "நாங்க சரியாப் பாத்துக்கிட்டோமா சிஸ்டர்" என்று பெரும்பாலும் கேட்பார்கள். அவர்கள் செய்த ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி ஞாபகப்படுத்துங்கள்: வாய் துடைத்தது, திருப்பிப் படுக்க வைத்தது, ராத்திரி விழித்திருந்தது. கொடுத்திருந்த ஏர் பெட்டை (காற்று மெத்தையை) அன்று திரும்ப வாங்கிக்கொள்ளலாம். மீதி மார்ஃபின் மாத்திரைக்கு மட்டும் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம், இறந்த மறுநாளே ஆள் அனுப்பி எண்ணி வாங்கிப் பதிவேட்டில் எழுதிவிடுங்கள்.